ராத்திரி எழுதின கோடு யாருக்குச் சொந்தம்? ஓப்பன் சோர்ஸுக்குக் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம்!

கொல்லிமலை தேவனூர் நாட்டில் இருக்கும் எங்கள் அம்மாவுக்கு, விதை கொடுக்க ரசீது தேவைப்பட்டதே இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வந்து, "சாமை விதை கொஞ்சம் வேணும்" என்று நின்றால், பானையிலிருந்து முறத்தில் அள்ளிக் கொடுப்பார். அறுப்பு முடிந்ததும் வாங்கினவர், வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். கணக்கு முடிந்தது. யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

போன பொங்கலுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஊருக்குப் போனபோது, அதே திண்ணையில் என் அண்ணன் மகன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வாரத்தில் பாதி நாள் மலையில் இருந்தபடியே பார்க்கிறான்.

"என்னடா?" என்றேன்.

"நான் சும்மா குடுத்தது அத்தை. அதுக்குக் கம்பெனியில கேள்வி கேக்கறாங்க."

விஷயம் இதுதான். ஊரில் ஒருவர் பழைய கணக்குகள், தீர்மானங்கள் எல்லாம் அடங்கிய கோப்புகளைக் கொண்டுவந்திருக்கிறார். எல்லாம் பாமினி, வானவில் காலத்து எழுத்துருக்களில் அடித்தவை. புது கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டுகிறது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால், அதற்கு முன்னால் அடித்து வைத்தவை அப்படியேதானே இருக்கின்றன? இதை மாற்றித் தரும் ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவியை எடுத்து ஓடவிட்டிருக்கிறான். சில கூட்டெழுத்துகள் உடைந்து வந்திருக்கின்றன. ராத்திரி உட்கார்ந்து சரிசெய்து, திருத்தத்தை அந்தத் திட்டத்துக்கே அனுப்பிவிட்டான். அவர்களுக்கும் சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து டீம் லீடிடமிருந்து போன். "இதே மாதிரி ஒரு ஃபங்ஷன் நம்ம கிளையன்ட் புராடக்ட்லயும் இருக்கே. எந்த லேப்டாப்ல எழுதின? எப்போ எழுதின?"

பையனுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அந்தத் திட்டத்தில் இருக்கும், முகம் தெரியாத நாலு பேரைத் தன்னால் வம்பில் மாட்டிவிட்டோமோ என்ற குற்ற உணர்ச்சி இன்னொரு பக்கம்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் லீவில் அவனோடு உட்கார்ந்து படித்ததில், இந்த விஷயம் அவனுக்கு மட்டுமானது இல்லை என்று புரிந்தது. நம் வீடுகளில் இன்று எத்தனை பிள்ளைகள் கோடு எழுதுகிறார்கள்!

கோடும் ஒரு 'இலக்கியம்'தான்

இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதில் 'இலக்கியப் படைப்பு' என்ற சொல்லுக்குள் கம்ப்யூட்டர் நிரலும் அடக்கம். கதை எழுதுகிறவருக்கு என்ன உரிமையோ, அதே உரிமை கோடு எழுதுகிறவருக்கும் உண்டு. எங்கேயும் பதிவு செய்யத் தேவையில்லை. எழுதி முடித்த நிமிஷமே உரிமை வந்துவிடும். எழுதினவர் வாழ்நாள் முழுக்க இருந்து, அதற்குப் பிறகும் 60 வருஷம் நீடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'யாரு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்' என்று நல்ல மனதோடு கோடை இணையத்தில் போட்டுவிட்டு, லைசென்ஸ் என்று ஒன்றையும் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய பேர். சட்டப்படி அது தானமே இல்லை. எல்லா உரிமையும் எழுதினவரிடமே இருக்கிறது என்றுதான் அர்த்தம். விவரம் தெரிந்த யாரும் அதைத் தொட மாட்டார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் 'உள்ளே வராதே' என்று எழுதி வைத்த மாதிரி.

சரி, லைசென்ஸ் போட்டாயிற்று. அது என் கோடுதானா? பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சட்டத்தின் 17-வது பிரிவு சொல்வது: ஒருவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது, அந்த வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அதன் முதல் உரிமையாளர் முதலாளிதான். எழுதின கை உங்களுடையது, உரிமை அவருடையது. ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிறவர்கள் நிலைமை வேறு. எழுதிக் கொடுத்து உரிமையை மாற்றித் தராதவரை பொதுவாக அவர்களுக்கே சொந்தம்.

'வேலையின் பகுதியாக' என்பதுதான் சிக்கல் பிடித்த வார்த்தை. ஆபீஸில் பேங்க் சாஃப்ட்வேர் எழுதுகிறவர், வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு மாற்றி எழுதினால் அது அவருடையது என்று சொல்ல நல்ல இடம் இருக்கிறது. ஆனால், வேலையில் சேரும்போது நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கிறதே, அது சட்டத்தைவிட நீளமாகக் கை நீட்டும். என் மருமகனின் ஆர்டரைத் தேடி எடுத்தோம். வேலை நேரத்திலோ, கம்பெனியின் கருவிகளைக் கொண்டோ உருவாக்குவது எதுவானாலும் கம்பெனிக்கே சொந்தம் என்று ஆறாவது பக்கத்தில் இருந்தது.

"நீ எதுல எழுதின?"

"ஆபீஸ் லேப்டாப்லதான் அத்தை. என்னோடது பேட்டரி உப்பிப்போச்சு."

தலையில் கைவைத்துக்கொண்டேன்.

ஒன்பது வரி, ஒரு வழக்கு

அவன் இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னான். கிளையன்ட் வேலையில் எழுதினதைப் பார்த்து காப்பி அடிக்கவில்லை. ஆனால் அதே மாதிரிதான் வந்துவிட்டது. கை பழகின வழியில் போகும் இல்லையா?

இது கேட்கச் சின்ன விஷயம். ஆனால், உலகத்தின் பெரிய சாஃப்ட்வேர் வழக்கு ஒன்றில் இதே கதை நடந்திருக்கிறது. ஜோஷுவா பிளாக் என்பவர் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது ஜாவாவுக்காக நிறைய எழுதினார். அதில் 'ரேஞ்ச்செக்' என்று ஒன்பது வரி ஃபங்ஷன் ஒன்று. பிறகு கூகுளுக்குப் போனார். அங்கே, வரிசைப்படுத்தும் ஒரு நல்ல முறையை ஜாவாவில் எழுதி, ஓப்பன் ஜேடிகே என்ற திறந்த திட்டத்துக்கே திருப்பிக் கொடுக்க நினைத்தார். பழைய கோடோடு ஒத்துப்போகட்டும் என்று அந்த ஒன்பது வரிகளையும் சேர்த்துக்கொண்டார். அது ஆண்ட்ராய்டுக்குள்ளும் போய்விட்டது. சன்னை வாங்கின ஆரக்கிள், கூகுள் மீது வழக்குப் போட்டபோது அந்த ஒன்பது வரியும் கோர்ட்டுக்கு வந்தது. 2012-ல் ஜூரி அதை மீறல் என்றே சொன்னது. விசாரித்த நீதிபதிக்கே கோடு எழுதத் தெரியும். 'இது மாதிரி நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்' என்கிற ரீதியில் அவர் பேசியது அப்போது பரவலாகப் பேசப்பட்டது. கடைசியில் அந்த ஒன்பது வரிக்காக நஷ்டஈடு ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கின் பெரிய பகுதி வேறு விஷயம். அது 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கூகுளுக்குச் சாதகமாக முடிந்தது.

எழுதினவர் அவரேதான். ஆனாலும் இரண்டாவது தடவை எழுதியபோது அது அவருடையது இல்லை. நல்ல எண்ணத்தோடு தானம் கொடுக்கப் போன இடத்தில்தான் இது நடந்தது என்பதுதான் என்னை உறுத்தியது.

அதற்காக மிரண்டுவிடவும் வேண்டாம். பதிப்புரிமை எண்ணத்துக்குக் கிடையாது, எழுதின வடிவத்துக்குத்தான். நம் உச்ச நீதிமன்றம் 1978-லேயே, ஒரு நாடகத்தையும் 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்தையும் ஒப்பிட்ட ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாமினியில் எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்பது வெறும் தகவல். அது கம்பெனிக்கும் சொந்தமில்லை, கிளையன்டுக்கும் சொந்தமில்லை. அந்தத் தகவலை வைத்து வரிவரியாக எழுதின நிரல்தான் சொந்தமாகிறது. ஆக, அதே வேலையைச் செய்யும் கோடை புதிதாக, வேறு விதமாக எழுத அவனுக்குத் தடை இல்லை.

கொடுத்தது எதை? வைத்துக்கொண்டது எதை?

'தானம்' என்ற வார்த்தை நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. பசுவைத் தானம் கொடுத்தால் பசு போய்விடும். கோடு அப்படி இல்லை. பெரும்பாலான ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் நீங்கள் திருத்தம் அனுப்பினால், அந்த வரிகளின் உரிமை உங்களிடமே இருக்கிறது. 'இன்ன நிபந்தனையில் எல்லோரும் பயன்படுத்தலாம்' என்ற அனுமதியைத்தான் கொடுக்கிறீர்கள். கிட்ஹப் தளத்தின் விதிமுறையே, ஒரு திட்டம் எந்த லைசென்ஸில் இருக்கிறதோ அதே லைசென்ஸில்தான் நீங்கள் அனுப்புவதும் சேருகிறது என்று சொல்கிறது.

அந்த நிபந்தனைகள் இரண்டு குணம் கொண்டவை. எம்.ஐ.டி., அப்பாச்சி மாதிரியானவை தாராள மனசுக்காரர்கள். எடுத்துக்கோ, மாற்றிக்கோ, விற்றுக்கோ, என் பெயரையும் இந்த அறிவிப்பையும் மட்டும் எடுத்துவிடாதே என்பார்கள். ஜி.பி.எல். அப்படி விடாது. எங்கள் அம்மாவின் விதைக் கணக்கு மாதிரி, எடுத்து மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால், உன் மாற்றங்களையும் இதே நிபந்தனையில் திறந்துதான் கொடுக்கணும் என்று சொல்லும். 1989-ல் முதல் வடிவம் வந்தது; லினக்ஸ் இன்றும் 1991-ல் வந்த இரண்டாம் வடிவத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் ஓட்டு ஜி.பி.எல். பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை. விதை வாங்கிப்போய் திருப்பித் தராதவரை ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்து வளர்ந்தவள் நான். அண்ணன் மகன் என்னோடு ஒத்துப்போகவில்லை. "எம்.ஐ.டி.ன்னாதான் அத்தை நாலு கம்பெனி எடுத்துப் பயன்படுத்தும். தமிழ் நாலு இடத்துல ஒழுங்காத் தெரியும்ல?" அதுவும் நியாயம்தான்.

விதைக்கும் இப்போதெல்லாம் காகிதம் வந்துவிட்டது, தெரியுமா? 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பிராண்டு பெயர் போடாமல் விற்க விவசாயிக்கு உரிமை கொடுக்கிறது. அப்படி இருந்தும் 2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டு, எதிர்ப்பு கிளம்பிய பிறகு வாபஸ் வாங்கியது. ஜெர்மனியில் 2017-ல் 'சன்விவா' என்ற தக்காளி ரகத்தை, சாஃப்ட்வேரைப் பார்த்தே செய்த ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸோடு வெளியிட்டார்கள். கொல்லிமலையின் கட்டவெட்டிச் சாமைக்கும் மூக்கன் தினைக்கும் அப்படி ஒரு காகிதம் வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டால் சிரிப்பார்.

கோடுக்குத் திரும்புவோம். சில திட்டங்கள், குறிப்பாகக் கம்பெனிகள் நடத்துபவை, திருத்தத்தை ஏற்பதற்கு முன் ஒரு பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும். 'நிரந்தரமான, உலகளாவிய, திரும்பப் பெற முடியாத' என்று அடுக்கடுக்காக வார்த்தைகள் வரும். வக்கீல்கள் அலங்காரத்துக்குப் போட்டவை என்றுதான் நானும் நினைத்தேன். ம்ஹூம். நம் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, உரிமையை மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருஷத்துக்குத்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். லைசென்ஸுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்கிறது 30-ஏ. எழுத்தாளர்கள் விவரம் தெரியாமல் பதிப்பாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது என்ற அக்கறையில் வைத்த விதி. அதனால்தான், இந்தியாவிலிருந்து வரும் கோடு ஐந்து வருஷத்தில் செல்லாமல் போய்விடக் கூடாதே என்றால் அந்த மூன்று வார்த்தையும் பத்திரத்தில் இருந்தாக வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது வேறொன்று. லைசென்ஸைப் பின்னால் மாற்றும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா? டெர்ராஃபார்ம் என்ற பிரபலமான கருவியை ஹாஷிகார்ப் கம்பெனி 2023 ஆகஸ்டில் திறந்த லைசென்ஸிலிருந்து கட்டுப்பாடுகள் உள்ள லைசென்ஸுக்கு மாற்றியது. வெளியிலிருந்து இலவசமாக எழுதிக் கொடுத்தவர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்ததால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கோபப்பட்டவர்கள் பழைய திறந்த வடிவத்தை எடுத்து 'ஓப்பன்டோஃபு' என்று தனிக்குடித்தனம் போனார்கள். இதற்கு நேர் எதிர், நாம் எல்லோரும் படம் பார்க்கும் வி.எல்.சி. பிளேயர். அங்கே உரிமை எழுதின ஒவ்வொருவரிடமும் சிதறிக் கிடந்தது. சில வருஷங்களுக்கு முன் அதன் லைசென்ஸைத் தளர்த்த நினைத்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொருவராகச் சம்மதம் வாங்கினார்கள். வருஷக்கணக்கில் தொடர்பில் இல்லாதவர்களை எல்லாம்! சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமம்தான், தனியொருவர் முடிவெடுத்து மாற்றிவிட முடியாது என்பதற்கு உத்தரவாதம்.

"சரி, கோபம் வந்தா குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கலாமா?" என்று கேட்டேன்.

"லெஃப்ட்-பேட் கதை தெரியாதா அத்தை?" என்றான். தெரியாது. 2016 மார்ச்சில் ஒருவர், என்.பி.எம். நிர்வாகத்தோடு ஏற்பட்ட சண்டையில், அங்கே தான் போட்டிருந்த பொருள்களை எல்லாம் எடுத்துவிட்டார். அதில் 11 வரிக் குட்டி நிரல் ஒன்றும் இருந்தது. அதை நம்பி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான திட்டங்கள் நின்றிருந்திருக்கின்றன. எல்லாம் சரிந்தன. சில மணி நேரத்தில் அதைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். கொடுத்த லைசென்ஸ் அதை அனுமதித்தது. அடுத்து எழுதப்போவதைக் கொடுக்காமல் இருக்கலாம், கொடுத்ததைப் பிடுங்க முடியாது.

மருமகன் என்ன செய்தான்?

முதலில், மறைக்காமல் டீம் லீடுக்கு மெயில் எழுதினான். என்ன எழுதினேன், எந்த லேப்டாப், எந்த நேரம், எங்கே அனுப்பினேன் என்று எல்லாம். கூடவே, இந்த ஒரு திட்டத்துக்குப் பங்களிக்க அனுமதி வேண்டும், அதை எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டான். நான் வற்புறுத்தியது இந்த 'எழுத்தில்' என்பதைத்தான். 'பண்ணிக்கோப்பா, யாரு கேக்கப்போறா' என்று கேன்டீனில் சொல்லும் வாய்வார்த்தை, அந்த மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போகிற அன்றோடு போச்சு. கனு இயக்கத்தின் பின்னால் இருக்கும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், எழுதினவரிடம் மட்டுமில்லாமல் அவருடைய முதலாளியிடமும் கையெழுத்து வாங்குவது சும்மா இல்லை.

அடுத்து, அந்தத் திட்டத்தை நடத்துகிறவர்களிடமும் சொன்னான். அவர்கள் திட்டவில்லை. திருத்தத்தைப் பின்வாங்கிவிட்டுக் காத்திருக்கிறோம் என்றார்கள்.

மூன்று வாரம் பதில் இல்லை. இங்கே அவன் அப்பாயி தினம் சாமி கும்பிட்டார். பிறகு சட்டப் பிரிவிலிருந்து நாலு வரி மெயில் வந்தது. கிளையன்ட் கோடைத் தொடக் கூடாது, கம்பெனி லேப்டாப் கூடாது, வேலை நேரம் கூடாது. இவற்றுக்கு உட்பட்டு, இந்தத் திட்டத்துக்கு எழுதுவதில் கம்பெனி உரிமை கோராது. அவ்வளவுதான். அதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம் என்று இருந்தது.

புதுப் பேட்டரி வாங்கி, பழைய கோப்பைத் திறக்காமல், எழுத்துருவின் விசைப் பட்டியலை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதினான். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு எழுதலாமே என்றேன். வேண்டாம் என்றுவிட்டான். அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் ஜென்டூ, நெட்பிஎஸ்டி போன்ற திட்டங்கள் 2024-லேயே அப்படி எழுதின கோடுக்குத் தடை போட்டிருக்கின்றனவாம். ஒருமுறை பட்டவனுக்கு இரண்டாம் முறை துணிச்சல் வரவில்லை.

அனுப்பும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்தான், 'இன்னார் கையொப்பமிட்டது' என்று. இந்தப் பழக்கம் லினக்ஸில் தொடங்கியது. 2003-ல் எஸ்.சி.ஓ. என்ற கம்பெனி, லினக்ஸுக்குள் எங்கள் கோடு இருக்கிறது என்று ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. யார் எதை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று தெரியாமல் எல்லோரும் விழித்தார்கள். அடுத்த வருஷமே லினக்ஸ் குழு ஒரு சின்ன உறுதிமொழியைக் கொண்டுவந்தது. இது நான் எழுதியது, அல்லது கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு. இது பொதுவில் நிரந்தரமாகப் பதிவாகும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவுதான் அதன் சாரம். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரம் இல்லை அது, ஒரு வாக்கு. முதல் தடவை அனுப்பும்போது அந்த வரி அங்கே கேட்கப்பட்டிருந்தது. அவன் அர்த்தம் தெரியாமல் தட்டிவிட்டிருந்தான்.

போன வாரம் போன் பண்ணினான். மலையில் இரண்டு நாள் மழையாம், நெட் இல்லையாம். திருத்தம் சேர்ந்துவிட்டது. ஊர்க்காரரின் கோப்புகளும் முக்கால்வாசி ஒழுங்காகத் திறக்கின்றன. ஔகாரம் வரும் இடங்கள் மட்டும் இன்னும் உடைகின்றன, அதைத்தான் ராத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான்.

"எந்த லேப்டாப்ல?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டு போனை அப்பாயியிடம் கொடுத்தான்.